தேசப்பன் கொண்டுவந்த டிஸ்க்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், அவரைச் சேர்க்கக்கூடாது.

முதலாளி தணிகாசலம், மேசைக்குப் பின்னால். நான், சூசை, கம்ப்யூட்டருக்கு முன்னால். தேசப்பன், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர், அவர் மூச்சு என் காதில் படுகிற தூரத்தில். அவர் மகள் ஜெயந்தி, பி.காம் இரண்டாம் வருஷம், ஸ்டூலில். ஐந்தாவது நாகூரான். அவரும் படகு ஓட்டுகிறவர்தான். தேசப்பனின் தங்கையைக் கட்டியவர். ரிப்பேருக்குக் கொடுத்த டிவிடி பிளேயரை வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகாதவர்.

இவ்வளவு சுத்தமாக ஆள் கணக்குச் சொல்லக் காரணம் உண்டு. அன்றைக்கு அந்த அறையில் வாய்விட்டுச் சொன்ன ஒரு விஷயம் வெளியே போய்விட்டது. என் மூலமாகப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கடையில் இருக்கும் பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள். யாரோ பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்களாம். புது லேப்டாப்பில் அதைச் சொருக ஓட்டையே இல்லையாம். "அண்ணே, நீங்கல்லாம் அப்ப இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். பயப்படுவோம் என்றேன். சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு ஒரு ரேடியோ கடை, ஒரு டிவி கடை, அதில் போன வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கையில் சூடு பட்ட தழும்புதான் மிச்சம். தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் தணிகாசலம் சார் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டபோது என்னைக் கூப்பிட்டார். திரையில் வரும் இங்கிலீஷ் எனக்குப் படமாகத்தான் தெரியும். இந்த உருவம் வந்தால் வயரைப் பார், அந்த உருவம் வந்தால் முதலாளியைக் கூப்பிடு. நோட்டில் எழுத்து எழுத்தாக வரைந்து வைத்துக்கொள்வேன்.

வீடு திருவொற்றியூரில். சாயந்திரம் கடையைப் பூட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய், சால்டரிங் அயர்னை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். அணைத்துத்தான் இருக்கும். அதற்குள் ரயில் போயிருக்கும். முதலாளி ஒரு தடவை, "சூசை, அயர்ன் ஆஃப்ல தான் கீது. நீதான் ஆன்லயே கீறே" என்றார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரிகல் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். மெஷினையும் தொட மாட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னை எழுதச் சொல்வார்: முதலில் எதைப் பார்க்கப் போகிறாய், அது இல்லையென்றால் எது. எழுதாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் திட்ட மாட்டார், பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டுவார். அவ்வளவுதான். அந்தப் பேனாவைவிடத் திட்டு எவ்வளவோ பரவாயில்லை.

வருகிற எல்லோரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "எது மாறிச்சு?" எல்லோரும் சொல்வது ஒரே பதில். "ஒண்ணும் மாறல சார்." அதே குரலில் இரண்டாவது தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது, "ஒண்ணும் மாறல சார், வூடு மட்டும் மாத்தினோம், மாடியிலேர்ந்து இறக்க சொல்லோ ஒரு தபா உருண்டுச்சு" என்று வரும்.

இன்னொரு விதி என்னால் வந்தது. ஒரு டியூஷன் வாத்தியாரின் டிஸ்க். சொருகியதும் திரை ஒரு கேள்வி கேட்டது. இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா என்று. நான் இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் 'எஸ்' என்று சொல்லிப் பழகியவன். அமுக்கிவிட்டேன். ஆறு வருஷத்துக் கேள்வித்தாள் போயே போய்விட்டது. முதலாளி கடையைப் பூட்டினார். என்னை அழைத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு நடந்தார். "தப்பு எங்க மேல" என்று மட்டும் சொன்னார். திரும்ப டைப் அடிக்க ஆள் வைத்துக் கொடுத்தார். என் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் விதி போட்டார். "அந்தக் கேள்வி வந்தா கைய எட்து தலைமேல வை. கடையில யாரு இருந்தாலும் அல்லாரும் வைக்கணும்." போலீஸைப் பார்த்தவன் மாதிரி நாங்கள் கையைத் தூக்கி நிற்க, அவர் எழுந்து வந்து ஒற்றை விரலால் 'நோ'வை அமுக்குவார். அவர் கம்ப்யூட்டரைத் தொடுவது அதற்கு மட்டும்தான்.

இனி தேசப்பன் விஷயம். இரண்டாயிரத்தெட்டு வாக்கில், மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் ஆட்டோவில் புது கம்ப்யூட்டரின் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஜெயந்தி வந்தாள். கூடவே தேசப்பன். அவர் கையில் டிஸ்க். மூன்று சுற்று பாலித்தீன், மேலே நைலான் கயிறு. ஐஸ் போடாத குறைதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் மீன் எல்லா இடத்திலும் இருக்காது. அடியில் பாறை இருக்கும் இடங்களை ஒட்டித்தான் கூடும். அதைப் பார் என்பார்கள். அந்த இடத்தை ஜிபிஎஸ் பெட்டியில் நம்பராகப் பதித்துக்கொள்வார்கள். ஒரு நம்பர், ஒரு பாயிண்ட். ஒரு ட்ரைவரின் பாயிண்ட் இன்னொரு ட்ரைவருக்குத் தெரியாது. அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டார்கள், மாமன் மச்சானுக்குச் சொல்லவே மாட்டார்கள். தேசப்பனிடம் நானூறு பாயிண்ட் இருந்தது. ஒவ்வொன்றும் வலை கிழிந்து, டீசல் தீர்ந்து கண்டுபிடித்தது. ஜிபிஎஸ் வராத காலத்தில் கரை அடையாளம் வைத்துக் கண்டதையும் பிறகு அதில் பதித்திருந்தார். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிக் கழுவியபோது ஜிபிஎஸ் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. புதுப் பெட்டி வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நல்லவேளையாக முன்பே ஜெயந்தி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து இந்த டிஸ்க்கில் வைத்திருந்தாள்.

"படகு ஓனர் சொல்லிட்டார் சூசை," என்றார் தேசப்பன். "பாயிண்ட் இல்லாத ட்ரைவர் எனக்கு இன்னாத்துக்குன்றார். நாளை மறுநாள் படகு போவணும். நான் இல்லன்னா வேற ஆளு ஏறிடும். இருவது வருசமா வீல் புடிச்ச கை இது."

முதலாளி கேட்டார். "எது மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல சார். பழைய கம்ப்யூட்டர் பூடுச்சு, காயலான் கடையில போட்டோம். புதுசு வாங்கிகினோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

சொருகினேன். அவர்கள் கொண்டுவந்த சிபியுவின் முன்பக்க ஓட்டையில்தான். விளக்கு எரிந்தது. 'டொய்ங்' என்று சொருகிய சத்தம் வந்தது. உடனே பிடுங்கிய சத்தம் வந்தது. யாரும் பிடுங்கவில்லை. மறுபடி சொருகிய சத்தம். நடுவில் டிஸ்க் உள்ளேயிருந்து டிக், டிக், டிக்.

"வூட்லயும் இப்படித்தான் சார். வருது, போவுது," என்றாள் ஜெயந்தி.

நாகூரான் டீயை உறிஞ்சினார். "இன்னா மச்சான், உன் டிஸ்கு விக்கல் எடுக்குது? கொஞ்சம் தண்ணி குடு."

"உன் டிவிடி ரெடியாயிடுச்சுல்ல? கெளம்பு."

"டீ குடிச்சிகினு கீறேன் மச்சான். டீய பாதியில வெச்சா பாவம்."

டிக் சத்தம் இரண்டு வகை. ஒன்று, டிஸ்க் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே டிக் டிக் என்பது. உள்ளே தகட்டைப் படிக்கிற ஊசி போய்விட்டது, ஆளைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்ல வேண்டியதுதான். இன்னொன்று, ஊ… என்று சுற்ற ஆரம்பித்து, பாதி வேகத்தில் மூச்சு விட்டு இறங்கி, டிக் என்று மறுபடி ஆரம்பிப்பது. அது சாவு இல்லை, பசி. கரண்ட் போதவில்லை. காதை டிஸ்க்கின் மேல் வைத்துக் கேட்டேன். பசி மாதிரிதான் இருந்தது. ஆனால் எனக்கு நல்ல செய்தியை நம்பிப் பழக்கமில்லை.

பேனா நீண்டது. காலண்டர் தாளில் எழுதினேன்: பின்பக்க ஓட்டை. வேற வயர். வேற கம்ப்யூட்டர்.

முன்பக்க ஓட்டைக்குக் கரண்ட் உள்ளே ஒரு நீள வயரில் சுற்றி வரும், வருவதற்குள் இளைத்துவிடும். பின்பக்கம் போர்டிலேயே இருப்பது, கொஞ்சம் தெம்பு. அங்கே மாற்றினேன். ஊ… என்ற சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது. நின்றது. பிறகு திரையில் அந்தக் கேள்வி வந்தது. அரைகுறையாகப் படித்த டிஸ்க்கைப் பார்த்து, இதில் ஒன்றுமே இல்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று.

"கை!" என்றார் முதலாளி.

நான் வைத்தேன். ஜெயந்தி வைத்தாள். தேசப்பன் என்னைப் பார்த்து வைத்தார். நாகூரான் டீ கிளாஸோடு வைத்தார். தெருவில் போன ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, நடையை வேகமாக்கினார். முதலாளி வந்து, ஒற்றை விரலால் 'நோ' அமுக்கி, திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"கைய எறக்கலாமா சார்? டீ காதுல ஊத்துது," என்றார் நாகூரான்.

அடுத்தது வயர். கழற்றும்போதுதான் கவனித்தேன். கழுத்துப் பக்கத்தில் பச்சை நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டு. கம்பெனிக்காரன்கூட அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய மாட்டான். வயர் முறியாமல் இருக்கப் போட்டது என்று நினைத்துக்கொண்டு, "இந்தக் கட்டு யாரு போட்டது அண்ணே, சூப்பரா கீதே" என்றேன்.

தேசப்பன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "நான்தான். அங்க ஒரு வாலு தொங்கிகினு இருந்துச்சு. அறுத்துட்டு, முனைய லைட்டரால பொசுக்கி, கட்டுப் போட்டேன்."

நான் வயரைக் கீழே வைத்தேன்.

"இன்னா வாலு?" என்றார் முதலாளி.

"இன்னொரு தலை சார். சொருகுறது ரெண்டு தலை வெச்சிருந்தான். ஒரு டிஸ்குக்கு இன்னாத்துக்கு ரெண்டு? சும்மா தொங்குது. தொங்குற கயிறு எதுவா இருந்தாலும் நான் அறுத்துடுவேன். படகுல அது கால்ல சுத்தினா ஆளு கடல்ல."

"எப்ப அறுத்தே?"

"புதுசு வாங்கி மாட்ட சொல்லோ."

"ஒண்ணும் மாறலன்னியே?"

"மாத்தல சார். அறுத்தேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குவது அப்படித்தான். அந்தக் காலத்துப் பழைய டிஸ்க்குகள் தீனி அதிகம் தின்னும். ஒரு ஓட்டைக் கரண்ட் போதாதென்றுதான் வயருக்கு இரண்டு தலை. ஒன்று படிக்க, இன்னொன்று வெறும் கரண்ட் இழுக்க. தேசப்பன் டிஸ்க்கின் சோற்றுக் கையை வெட்டி, அழகாகப் பச்சை நூல் கட்டியிருந்தார்.

டிராயரில் இருந்து இரண்டு தலை வயர் ஒன்றை எடுத்து, இரண்டையும் பின்பக்கம் சொருகினேன். ஊ… என்று ஏறியது. இறங்கவில்லை. ஒரே சீராக நின்றது. தேசப்பன் படகு எஞ்சினைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டு, "புடிச்சுகிச்சு" என்றார்.

ஆனால் திரையில் டிஸ்க்கின் பெயர் வரவில்லை.

டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்கும் தெரிகிறது, ஆனால் அதற்கு சி, டி என்று ஒரு எழுத்துக் கொடுக்கவில்லை. கதவு நம்பர் இல்லாத வீடு மாதிரி. சில புது கம்ப்யூட்டர்கள் பழைய டிஸ்க் வந்தால் அப்படி மறந்துவிடும். நாமே போய்க் கொடுக்க வேண்டும். கொடுப்பது சுலபம். ஆனால் அதற்கான பட்டியலில் 'எழுத்து மாற்று' என்று ஒரு வரி, அதற்கு ஒட்டினாற்போல் கீழே 'ஃபார்மட்' என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி அகலம் இருக்காது. யார் அப்படி வைத்தது என்று தெரியவில்லை. என்னை மாதிரி ஆள் உலகத்தில் இருப்பது தெரியாதவர்கள்.

"ஜெயந்தி, நான் எந்த வரியில நிக்கிறேன், படிச்சுச் சொல்லும்மா."

"சேஞ்ச் டிரைவ் லெட்டர் சார்."

"இன்னொரு தபா படி."

"அதான் சார்."

"நகரலியே?"

"சூசை," என்றார் முதலாளி, தாழ்ந்த குரலில். "அமுக்கு."

மாதாவை நினைத்துக்கொண்டு அமுக்கினேன். எந்த எழுத்து வேண்டும் என்று கேட்டது. எம் கொடுத்தேன். மாதாவுக்குக் கொடுத்த எழுத்து என்று வெளியே சொல்லவில்லை. டிஸ்க் வந்து நின்றது. உள்ளே ஒரே ஒரு ஃபைல்.

"அல்லாரும் திரும்புங்க!" என்றார் தேசப்பன்.

இங்கேதான் பிரச்சினை. திறந்து பார்க்காமல் பொருளைக் கொடுப்பதில்லை என்பது கடையின் வழக்கம். திறந்தால் நானூறு பாயிண்டும் தெரியும். முதலாளி விடவில்லை. தேசப்பனும் விடவில்லை. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. ஜெயந்தி திறப்பாள். தேசப்பன் பார்ப்பார். முதலாளி தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் தேசப்பனின் துண்டைக் கண்ணில் கட்டிக்கொள்வேன். துண்டில் மீன் வாசனை இல்லை, டீசல் வாசனை. நாகூரான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து நிற்க வேண்டும்.

"இதுல இப்ப எமகண்டம்னு போட்டுகீது மச்சான்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"வாய மூடு."

மவுஸ் இரண்டு தடவை சொடுக்கியது. பிறகு ஜெயந்தியின் குரல், சின்னதாக. "அப்பா… அல்லாம் பூச்சி பூச்சியா கீதுபா."

தரையில் யாரோ உட்கார்ந்த சத்தம் கேட்டது. தேசப்பன்தான். "இருவது வருசம்," என்றார்.

எனக்குத் துண்டுக்குள்ளேயே வியர்த்தது. ஆனால் பயப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, கெட்டுப் போகக்கூடிய எல்லா வழியையும் அவன் ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருப்பான். "அம்மா ஜெயந்தி, பேருங்கள தமிழ்ல அடிச்சியா?"

"ஆமா சார். டைப்பிங் கிளாஸ்ல குடுத்த தமிழ் ஃபான்ட்டுல."

"அந்த எழுத்து புது கம்ப்யூட்டர்ல இல்ல. அதான் பூச்சி. நம்பர் பாரு, நம்பர் நல்லா கீதா?"

அவள் பதில் சொல்வதற்குள் தரையில் இருந்தவர் எழுந்துவிட்டார். விரல் திரையில் படும் 'டக்' சத்தம். அப்புறம் தேசப்பனின் குரல், கடலில் பக்கத்துப் படகுக்குக் கத்துகிற குரல், நம்பரைப் படித்தது. பதிமூன்று என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

"இது ஜெயந்தி பாரு! நீ பொறந்த அன்னிக்கு எனக்குக் கிடைச்ச பாரும்மா! கீது, அப்படியே கீது!" மறுபடி அதே நம்பர். அழுதுகொண்டே மூன்றாவது தடவையும் அதே நம்பர்.

நான் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் நாகூரானைப் பார்க்கவில்லை. ஜெயந்தி பிற்பாடு சொன்னாள், அவர் கடைசி வரை காலண்டரை விட்டுத் திரும்பவேயில்லையாம். டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் நின்றுபோனது எனக்கும் தெரியும்.

அன்று சாயந்திரத்துக்குள் டைப்பிங் கிளாஸில் இருந்து அந்தத் தமிழ் எழுத்தை வாங்கிவந்து ஏற்றினோம். பேரெல்லாம் பேராக வந்தது. இரண்டு சிடியில் போட்டுக் கொடுத்தேன். தடைக்காலம் முடிகிற நேரத்தில் காசிமேட்டில் யார் கையிலும் காசு இருக்காது, கடலுக்குப் போய்வந்து தருகிறேன் என்றார் தேசப்பன். முதலாளி சரி என்றார். படகு போனது. வீலில் தேசப்பன்தான்.

நாலாம் நாள் வந்தார். நல்ல பாடு, வலை நிறைய மீன். ஓனர் தோளில் கை போட்டுப் பேசினாராம். ஆனால் கடைக்குள் அவர் நுழைந்த வேகத்தைப் பார்த்து நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஜெயந்தி பாருக்குப் போறேன். விடியல. அங்க முன்னாடியே ஒருத்தன் வலைய இழுத்துகினு கீறான். யாரு? நாகூரான்! 'வா மச்சான், இன்னா லேட்டு'ன்றான்! சூசை, நீதானே சொன்னே?"

"மாதா சத்தியமா இல்ல அண்ணே! நான் கண்ணக் கட்டிகினு இருந்தேன்!"

"காதையும் கட்டிகினியா?"

முதலாளி ஜெயந்தியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள். "நீதாம்பா கத்தினே. மூணு தபா."

தேசப்பன் கூரையைப் பார்த்தார். "சந்தோசத்துல சொன்னது கணக்குல வராது," என்றார். "உங்க கடையிலதான் வெளிய பூடுச்சு என் பாயிண்ட். நான் துட்டு தர மாட்டேன். மீன் புடிச்சவன் கிட்ட வாங்கிக்கோங்க."

நாகூரானிடம் கேட்டோம். "எனக்குப் பாயிண்ட் சொன்னது கடையா? மச்சான். நான் கடன்பட்டிருந்தா மச்சானுக்குத்தான். அந்த மனுசன் கேக்கட்டும், தரேன்." மச்சான் எப்படிக் கேட்பார்? கேட்டால் தானே சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பேர் வீட்டிலிருந்தும் அந்த வருஷம் கடைக்கு மீன் வந்தது. வஞ்சிரம், சங்கரா, ஒரு தடவை பெரிய கொடுவா. முதலாளி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "மீன் வேற, பில் வேற" என்றார். ஒவ்வொரு தடைக்காலம் முடியும்போதும் நான் போய்க் கேட்பேன். கேட்கப் போகும்போதெல்லாம் எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும், அவர்கள் சிரிப்பார்கள். ஜெயந்திக்கு பேங்கில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்னாலேயே தேசப்பனும் நாகூரானும் வந்துவிட்டார்கள். "நீ குடுத்தா நான் தோத்த மாதிரி" என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது.

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். படகை விட்டுவிட்டார்கள். வயர் நூற்று இருபது, கூலி முன்னூறு. ஆக நானூற்று இருபது ரூபாய், இன்னும் வரவேண்டியிருக்கிறது.